பீங்கான் படத் துணிக்கு எந்த டிசைன்?

பீங்கான் படம் போட்ட துணி கையில் வந்தால் உடனே டிசைன் தேடக் கிளம்பாதீர்கள். அடிக்கோலை எடுத்து, அதிலுள்ள தட்டின் குறுக்களவையும் டீப்பாட்டின் உயரத்தையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டுத்துணிப் போர்வைக்கு எது பொருந்தும் என்பதை அந்த இரண்டு எண்களே பாதிக்கு மேல் முடிவு செய்துவிடும். மற்ற எல்லாம், அதாவது நிறம், கரை, தையல், பஞ்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தையல் வேலை செய்கிறவள். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், பழைய சாலையில் இருக்கிற ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள். இப்போது பெரும்பாலும் செம்பனை. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ‘தாமான்’ என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். கடைக்கு வருகிற வேலை ஜாக்கெட், பள்ளி யூனிஃபார்ம், மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங், திரைச்சீலை. மிஞ்சுகிற துண்டுகளை மலாய்க்காரப் பெண்கள் ‘கைன் பெர்ச்சா’ என்பார்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்துத் தைக்க ஆரம்பித்துத்தான் எனக்குப் போர்வை வேலை பிடித்துப்போனது. இன்றைக்கு அதற்காகவே துணி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

அப்படி வந்தவர்தான் டீச்சர். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈப்போவில் வாங்கிய நாலு கெஜம் பருத்தித் துணியை மேசையில் விரித்தார். வெள்ளைத் தரையில் நீலத் தட்டுகள், டீப்பாட், கோப்பைகள், பால் ஜாடி. தட்டுக்குள் ஒரு வில்லோ மரம், பாலம், பாலத்தின் மேல் மூன்று பேர், மேலே இரண்டு பறவைகள். பார்த்ததும் அடையாளம் தெரிகிற ‘ப்ளூ வில்லோ’ படம்.

டீச்சரின் அம்மா தோட்டத்து மேனேஜர் பங்களாவில் சமையல்கட்டு வேலைக்குப் போனவராம். துரை குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன தட்டுகள் சில, இன்றும் டீச்சர் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. யாரும் அதில் சாப்பிட்டதில்லை. “வெட்டாம தைக்க முடியாதுன்னு தெரியும்மா. ஆனா தட்டு உடைஞ்ச மாதிரி மட்டும் இருக்கக்கூடாது” என்றார். எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. எந்தெந்த டிசைன் வேண்டாம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

துரை பங்களாவில் அந்தத் தட்டு இருந்ததில் ஆச்சரியம் இல்லை. பார்க்கச் சீனப் படமாக இருந்தாலும், வில்லோ டிசைன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் உருவானது. ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்துப் பீங்கான் பட்டறைகள், சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளைப் பாத்திரங்களைப் பார்த்து, செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, காகிதத்தில் அச்செடுத்து, அதைத் தட்டின் மேல் ஒட்டி ஏற்றினார்கள். காதலர்கள் ஓடிப்போய்ப் பறவையாக மாறிய கதையும் அங்கே பிறகு சேர்க்கப்பட்டதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் படத்துக்கு மேல் கீழ் உண்டு. பறவை மேலே, பாலம் கீழே. தட்டு வட்டமாக இருக்கிறதே, எப்படித் திருப்பினாலும் சரி என்று நினைக்க முடியாது. துணியில் அச்சடிக்கும்போது தட்டுகளைச் சாய்த்தும் திருப்பியும் இறைத்துப் போட்டிருப்பார்கள். வெட்டும்போது இது பெரிய விஷயமாகிவிடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அளவு. டீச்சரின் துணியில் பெரிய தட்டின் குறுக்களவு 8 அங்குலம். டீப்பாட் மூக்கிலிருந்து கைப்பிடி வரை கிட்டத்தட்ட அதே அளவு. கோப்பை மட்டும் சின்னது. 8 அங்குலப் படம் கெடாமல் தெரிய வேண்டுமானால், தைத்து முடித்த பிறகு சுற்றிலும் அரை அங்குலமாவது வெள்ளை நிற்க வேண்டும். ஆக 9 அங்குலக் கட்டம். தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் சேர்த்தால், வெட்ட வேண்டியது 9½ அங்குலம். இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டால் பாதி டிசைன்கள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

ஒன்பது துண்டு சேர்க்கும் ‘நைன் பேட்ச்’ கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 9 அங்குலக் கட்டத்தில் ஒவ்வொரு துண்டும் 3 அங்குலம். 8 அங்குலத் தட்டை 3 அங்குலமாக நறுக்கினால், ஒரு துண்டில் பாதிப் பாலம், இன்னொன்றில் பறவையின் வால். ‘ஒஹாயோ ஸ்டார்’ அழகான நட்சத்திரம்தான். ஆனால் அதன் நடுச் சதுரம் மொத்தக் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்தத் தட்டு நடுவில் முழுசாக உட்கார வேண்டுமானால் நட்சத்திரமே 27 அங்குலத்துக்குப் போய்விடும். நடுத் துண்டைச் சின்னதாக வைத்துச் சுற்றிலும் பட்டை பட்டையாகக் கட்டுகிற ‘லாக் கேபின்’ இதற்குச் சரிப்படாது. முக்கோணங்களால் ஆன ‘ப்ரோக்கன் டிஷஸ்’, அதாவது ‘உடைந்த தட்டுகள்’, பெயரைக் கேட்டதும் பீங்கான் துணிக்குப் பொருத்தம் என்று பலருக்கும் தோன்றும். டீச்சர் சொன்னதற்கு நேர் எதிரானது அது. 1 அங்குலம், 1½ அங்குலத்தில் குட்டிக் குட்டிக் கோப்பைகள் நெருக்கமாகப் போட்ட துணியாக இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்; அந்த அளவு படத்தை நறுக்கினாலும் கண்ணுக்கு ஒரு பொதுவான நீலப் பூவேலையாகத்தான் தெரியும்.

‘ட்ரெஸ்டன் ப்ளேட்’ பற்றியும் கேட்பார்கள். இதழ் இதழாகத் துணியைச் சேர்த்து வட்டத் தட்டுப் போல் ஆக்கும் டிசைன். ஜெர்மனியில் ட்ரெஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள மைசனில் 1710இல் தொடங்கிய பட்டறைதான் ஐரோப்பாவில் முதன்முதலாகச் சீனப் பீங்கானுக்கு நிகரானதைச் செய்தது. அந்தப் பக்கத்துப் பூத்தட்டுகளின் புகழில் வந்த பெயர் இது. அமெரிக்காவில் 1920களிலும் 30களிலும் வீட்டுக்கு வீடு இதைத் தைத்தார்கள். இதிலும் இதழ்கள் ஒடுங்கியவை. பெரிய படத் துணியை அதில் போட்டால் வீண். ஆனால் இதழ்களுக்குப் புள்ளியும் கோடும் போட்ட சின்ன அச்சுத் துணிகளை வைத்து, நடு வட்டத்துக்கு மட்டும் பீங்கான் துணியிலிருந்து ஒரு சின்னத் தட்டை வெட்டி ஒட்டித் தைத்தால் அருமையாக இருக்கும். கையில் அரை மீட்டர்தான் பீங்கான் துணி இருக்கிறது என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

எனக்குக் கடைசியில் இரண்டு டிசைன்கள் மிஞ்சின. ஒன்று ‘ஸ்னோபால்’. ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் சின்னச் சதுரத்தை வைத்துக் குறுக்காகத் தைத்து, வெளியே இருப்பதை வெட்டிவிட்டால் நடுவில் எட்டு மூலை வடிவம் நிற்கும். தட்டு வட்டம், அதைச் சுற்றி எண்கோணம். கண்ணுக்கு இதமான சேர்க்கை. இன்னொரு பெரிய சௌகரியம் உண்டு. இந்த மாதிரித் துணிகளில் படங்கள் நெருக்கமாக இருக்கும். தட்டை நடுவில் வைத்துச் சதுரம் வெட்டினால் மூலையில் பக்கத்துக் கோப்பையின் கைப்பிடி எட்டிப் பார்க்கும். ஸ்னோபாலில் அந்த மூலைதான் மறைந்துபோகிறதே! வட்டத் தட்டுகள் மட்டுமே இருக்கும் துணிக்கு இதை விட நல்ல டிசைன் இல்லை என்பது என் கருத்து.

மற்றொன்று ‘ஆட்டிக் விண்டோ’. சதுரத்தின் இடப்பக்கம் ஒரு பட்டை, அடியில் ஒரு பட்டை. இரண்டும் சேரும் மூலையில் சாய்வுத் தையல். ஒரு பட்டை அடர்நிறம், ஒன்று வெளிர்நிறம். தைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் குழிவான ஜன்னலாகத் தெரியும். அதற்குள் தட்டு நிற்பது ஷோகேஸில் எடுத்து வைத்தது போலவே இருக்கும். டீச்சரின் துணியில் தட்டோடு டீப்பாட்டும் ஜாடியும் இருந்தன. அவை உயரமானவை, நிற்க வேண்டியவை. அடியில் பட்டை வந்தால் அதன் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தாளில் வரைந்து காட்டினேன். “இதான், இதேதான்” என்றார் டீச்சர்.

படத்தை முழுசாகக் காட்ட விரும்பாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. துணியில் படம் திரும்ப வரும் இடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நாலு அடுக்காகக் குண்டூசி குத்தி நிறுத்தி, ஒரே இடத்தில் சதுரமாக வெட்டினால் நாலும் அச்சு மாறாத ஒரே துண்டுகள். அவற்றைச் சுழற்றிச் சேர்த்தால் நீல வெள்ளையில் தரை ஓடு மாதிரிப் புதுக் கோலங்கள் பிறக்கும். தட்டு இருந்த இடம் தெரியாது. இதை நான் வேறொருவருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்; மிக அழகான வேலை. நறுக்குவதென்றால் இப்படிக் கணக்காக நறுக்க வேண்டும், அல்லது முழுசாக விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றால்தான் துணி பாழாகிறது.

இப்போது வெட்டும் விஷயம். ஒரு தடித்த அட்டையில் 9 அங்குலச் சதுர ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். துணியின் மேல் அதை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். அந்த ஓட்டைக்குள் என்ன தெரிகிறதோ அதுதான் போர்வையில் தெரியும். மனதில் நினைத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் நிறைய. நல்லதாகப் படுகிற இடங்களில் அழியும் பேனாவால் நாலு மூலையும் குறித்துவிட்டு, எல்லாவற்றையும் குறித்து முடித்த பிறகுதான் கத்தரியைத் தொட வேண்டும். வெட்டுவது குறிக்குக் கால் அங்குலம் வெளியே. ஒரு தட்டை எடுக்கும்போது பக்கத்துத் தட்டின் விளிம்பு போய்விடும். எதை வைப்பது, எதை விடுவது என்பது முழுத் துணியையும் பார்த்தால்தான் தெரியும்.

படம் திரும்ப வரும் தூரத்தையும் அளக்க வேண்டும். டீச்சரின் துணியில் அது 24 அங்குலம். 44 அங்குல அகலத்தில், ஒரு 24 அங்குல நீளத்துக்குள் முழுசாக எடுக்கக்கூடிய நல்ல படங்கள் நாலு. எனக்கு 24 கட்டங்கள் தேவை. ஆறு முறை படம் திரும்ப வந்தாக வேண்டும்: 144 அங்குலம், சரியாக 4 கெஜம். படத்தைப் பார்க்காமல் சதுரம் சதுரமாக வெட்டியிருந்தால் ஒரு வரிசைக்கு நாலு வீதம் ஆறு வரிசை, 57 அங்குலத்திலேயே, அதாவது ஒன்றரைக் கெஜத்துக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்திருக்கும். தேர்ந்தெடுத்து வெட்டுவதற்கு இரண்டரை மடங்கு துணி. ஆகவே கடையில் நிற்கும்போதே படம் எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த மாதிரி அச்சுத் துணி தீர்ந்துபோனால் அதே துணி மறுபடி கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

சாய்ந்து கிடக்கும் தட்டுகளுக்கு வருகிறேன். பறவைகள் மேலே இருக்க வேண்டும் என்பதில் டீச்சர் கண்டிப்பாக இருந்தார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அப்படி நிமிர்த்தி வெட்டினால் சதுரத்தின் ஓரங்கள் துணியின் நேர் இழையில் வராது, கிராஸாக வரும். கிராஸ் ஓரம் இழுபடும் என்பது ஜாக்கெட் தைக்கிற எல்லோருக்கும் தெரியும். இதற்கு வழி, வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டுத் தேய்த்துவிடுவது. தேய்க்கும்போது பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அப்புறம், ஆட்டிக் விண்டோவில் இடப்பக்கமும் அடியிலும் வரும் பட்டைகள் நேர் இழையில் வெட்டியவை. அவை கிராஸ் ஓரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். டீப்பாட்டும் கோப்பையும் மட்டும் எந்தக் காரணத்தாலும் சாயக் கூடாது. சாய்ந்த கோப்பையைப் பார்த்தால் உள்ளே இருப்பது கொட்டுகிற மாதிரி மனம் பதறும். இதே காரணத்தால்தான் கட்டங்களை வைர வடிவில் திருப்பி அடுக்கும் டிசைன்கள் இந்தத் துணிக்கு வேண்டாம் என்கிறேன்.

பட்டைகளின் கணக்கு இது. 9½ அங்குலச் சதுரம், 3½க்கு 9½ அளவில் அடர்நிறப் பட்டை ஒன்று, வெளிர்நிறப் பட்டை ஒன்று, மூலைக்கு 3½ அங்குலச் சதுரம் ஒன்று. தைத்து முடித்தால் 12 அங்குலக் கட்டம். மூலைச் சதுரம் பாதி அடர்நிறம், பாதி வெளிர்நிறம். இரண்டு நிறத்திலும் 3⅞ அங்குலச் சதுரம் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்துக் கோட்டில் வெட்டினால் இரண்டு மூலைகள் கிடைக்கும். 4 அங்குலமாக வெட்டித் தைத்துவிட்டு 3½க்குச் சரிசெய்தால் இன்னும் துல்லியம். நான் அப்படித்தான் செய்கிறேன். சாய்வுப் பட்டையை நேரடியாக வெட்டி உள்மூலையில் ஊசியை நிறுத்தித் திருப்பித் தைக்கும் முறையும் இருக்கிறது. கடை நேரத்தில், பக்கத்தில் ஆள் வந்து போகும்போது அதைச் செய்ய முடியாது.

அடர்நிறப் பட்டையைச் சதுரத்தின் இடப்பக்கம் தையுங்கள். மூலைச் சதுரத்தை வெளிர்நிறப் பட்டையின் இடது முனையில் சேருங்கள். சாய்வுக் கோடு கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்குப் போக வேண்டும், அடர்நிற முக்கோணம் மேலே இருக்க வேண்டும். பிறகு இரண்டையும் சேருங்கள். சாய்வுக் கோட்டின் மேல் முனை தட்டுச் சதுரத்தின் மூலையில் போய் முட்டினால் ஜன்னல் குழிந்து தெரியும். நூலிழை தள்ளினாலும் கண்ணுக்குப் பட்டுவிடும். ஆகவே அந்த ஒரு புள்ளியில் குண்டூசியை நேராகக் குத்தி, இரண்டு மூலையும் அதே ஊசியில் நிற்கிறதா என்று பின்னால் திருப்பிப் பார்த்துவிட்டுத் தையுங்கள். தையல் மடிப்புகளை ஒன்று இடதாக, ஒன்று வலதாகத் தேய்த்து வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

எந்தப் பக்கம் அடர்நிறம் என்பதற்கும் துணியையே கேட்க வேண்டும். அச்சில் டீப்பாட்டுக்கு எந்தப் பக்கம் நிழல் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். டீச்சரின் துணியில் நிழல் இடப்பக்கம். அடர்நிறத்தை அதே பக்கம் வைத்ததால் பாத்திரத்தின் நிழலும் ஜன்னலின் நிழலும் ஒன்றாகிவிட்டன. இப்படிப் பொருத்துவதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. பார்க்கிற கண் மட்டும் வேண்டும்.

நிறத்துக்கு இரண்டு விஷயம். வெள்ளை என்று நாம் சொல்வதில் பால் வெள்ளை உண்டு, பழுப்பு கலந்த வெள்ளை உண்டு. பீங்கான் துணியின் தரை எந்த வெள்ளையோ அதே வெள்ளையைத்தான் கரைக்கும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று அழுக்காகத் தெரியும். கடையின் ட்யூப் லைட்டில் பார்க்காதீர்கள். நான் வழக்கமாகப் போகிற துணிக்கடைத் தௌகே, அதாவது சீன முதலாளி, நான் கேட்காமலே துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு கடை வாசல் நடைபாதையான அஞ்சடிக்கு வந்துவிடுவார். “தங்கச்சி, வெளிச்சம் நல்லா பாரு” என்பார். இரண்டாவது, துணியின் ஓர விளிம்பில் வரிசையாகச் சின்ன நிறப் புள்ளிகள் இருக்கும். அச்சில் பயன்படுத்திய நிறங்கள் அவை. அந்த விளிம்பைக் கொஞ்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு பட்டைத் துணி தேடினால் ஏமாற வேண்டியதில்லை.

நான் எடுத்தது கருநீலம் ஒன்று, சாம்பல் கலந்த இளநீலம் ஒன்று. இரண்டும் வெறும் துணி, அச்சு இல்லாதது. தட்டில் ஏற்கனவே நுணுக்கமான வேலை நிறைய. பட்டையிலும் பூ வந்தால் கண்ணுக்கு ஓய்வே இருக்காது. நீலமும் வெள்ளையும் மட்டும் இருந்தால் போர்வை கொஞ்சம் குளிர்ந்து கிடக்கும். கரைக்கு முன்னால் அரை அங்குலத்தில் ஒரு மஞ்சள் கோடு வைத்தேன், 1 அங்குலமாக வெட்டிய பட்டை. அதற்கு வெளியே 3½ அங்குலத்தில் கருநீலக் கரை. ஆக 4க்கு 6 கட்டங்கள், கரையோடு 56க்கு 80 அங்குலம். 36க்கு 75 அளவுள்ள ஒற்றைக் கட்டில் மெத்தைக்குப் பக்கவாட்டில் 10 அங்குலம் தொங்கும். இரண்டு பட்டைத் துணியும் ஒவ்வொரு மீட்டர் போதும். கருநீலத்தில் கரைக்கும் விளிம்புக்கும் சேர்த்து இன்னும் வாங்கிக்கொள்ள வேண்டும். அடித்துணிக்கு 5 கெஜம்.

நீலத் துணியை, குறிப்பாகக் கருநீலத்தை, வெட்டுவதற்கு முன் துவைத்தே ஆக வேண்டும். ஒரு சின்னத் துண்டைச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு, வெள்ளைத் துணித் துண்டோடு சேர்த்து ஊறவையுங்கள். வெள்ளையில் நீலம் ஏறினால் சாயம் நிற்கும் வரை துவைக்க வேண்டும், நிற்காவிட்டால் அந்தத் துணியை விட்டுவிட வேண்டும். உப்புப் போடு, வினிகர் போடு என்று சொல்வார்கள். கடையில் வாங்கிய சாயத் துணியின் சாயத்தை அவை பிடித்து நிறுத்துவதில்லை. வெள்ளைத் தட்டுகளுக்குப் பக்கத்திலேயே கருநீலம் வருகிற வேலை இது, ஆகையால் இதில் சோம்பல் கூடாது.

உள்பஞ்சு மெல்லிசாக இருக்கட்டும். நம் ஊர் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பாலியஸ்டர் பஞ்சு புழுங்கும். மெல்லிய பருத்திப் பஞ்சு நல்லது. கிடைக்காவிட்டால் ஃப்ளானல் துணி ஒரு அடுக்கு போதும். பஞ்சு வாங்கும்போது எத்தனை அங்குல இடைவெளிக்குள் தையல் ஓட வேண்டும் என்று அதன் உறையில் போட்டிருக்கும்; அதை மீறினால் துவைத்ததும் பஞ்சு திரளும். தட்டின் மேல் தையல் ஓட விடாதீர்கள். தட்டின் விளிம்பைச் சுற்றிக் கால் அங்குலம் தள்ளி ஒரு வட்டம், ஜன்னல் பட்டைகளின் ஓரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். சுற்றிலும் தையல் அமுங்குவதால் தட்டு லேசாக உப்பி நிற்கும். கையால் தைக்கிறவர்கள் அடித்துணிக்குப் படுக்கை விரிப்பைப் போடாதீர்கள். அதன் நெசவு நெருக்கம், ஊசி இறங்க மறுக்கும்.

போர்வையைப் பரிசாகக் கொடுக்கத் தைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாபா நோன்யா, அதாவது மலாய்ப் பழக்கவழக்கம் கலந்த பழைய சீனக் குடும்பங்களில் நீல வெள்ளைப் பாத்திரம் அன்றாடப் புழக்கத்துக்கும், துக்க காலத்துக்கும், முன்னோர் படையலுக்கும் என்று வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறைந்த நோன்யாப் பீங்கான். அதில் ஃபீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் இருக்கும். பொதுவாகவே சீனர் வழக்கத்தில் நீலமும் வெள்ளையும் துக்கத்தோடு சேர்ந்த நிறங்கள். ஆகவே சீனத் தோழி வீட்டுக் கல்யாணத்துக்கு நீல வெள்ளைப் போர்வை வேண்டாம். டீச்சர் தன் கட்டிலுக்கே தைத்துக்கொண்டதால் அந்த யோசனை தேவைப்படவில்லை.

துவைப்பதும் வைப்பதும் சுலபம். குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, முதல் முறை துவைக்கும்போது சாயம் பிடிக்கும் தாள் ஒன்றைக் கூடப் போடலாம். நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி உலர்த்துங்கள். நேர் வெயில் நீலத்தைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தித் தலையணை உறைக்குள் வைத்து, அவ்வப்போது வேறு இடத்தில் மடித்து வையுங்கள்.

தேர்ந்தெடுத்து வெட்டிய பிறகு மிஞ்சும் துணி வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதையும் எறிய வேண்டாம். தனியாக நிற்கும் கோப்பைகளை அவுட்லைனோடு வெட்டி, ஓரத்தை மடித்து, வெறும் துணியில் ஒட்டித் தைக்கலாம். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து போன பூத்துணிகளை வைத்து ஐரோப்பியப் பெண்கள் ஒரு காலத்தில் இதைத்தான் செய்தார்கள். துணி விலை அதிகம். ஆகவே பூவை மட்டும் கத்தரித்து வேறு துணியில் தைத்து, கொஞ்சத் துணியை ஒரு முழுப் போர்வைக்குப் போதும்படி செய்தார்கள். டீச்சருக்கு நான் அப்படி இரண்டு தலையணை உறை தைத்துக் கொடுத்தேன்.

இப்போது டீச்சர் மகளுக்காக ஒரு நோன்யாத் துணி கொண்டுவந்து வைத்திருக்கிறார். இளஞ்சிவப்புத் தரை, பியோனிப் பூ போட்ட சின்னத் தட்டுகள், குறுக்களவு 4 அங்குலம். அட்டையில் 5 அங்குல ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாம் வட்டத் தட்டுகள்தான், மூலைகளில் பக்கத்துப் பூ எட்டிப் பார்க்கிறது. அதற்கு ஸ்னோபால், மூலைகளுக்குப் பச்சை.